மிசெல் யூசீன் செவ்ரல்

மிசெல் யூசீன் செவ்ரல் (ஆகத்து 31, 1786 – ஏப்ரல் 9, 1889) பிரான்சு நாட்டைச் சேர்ந்த வேதியியலாளர் ஆவார். விலங்குக் கொழுப்புகளைப் பற்றிய ஆய்வுகளுக்காகவும், அருகருகே வைக்கப்படும் நிறங்கள் ஒன்றன் தோற்றத்தை மற்றொன்று மாற்றுகின்றன என்பதை விளக்கும் உடனிகழ் நிறமுரண் விதிக்காகவும் இவர் அறியப்படுகிறார். ஓவியம், நெசவு, அச்சுக்கலை ஆகியவற்றில் நிறங்களைத் தேர்ந்து இணைக்கும் முறைக்கு இவ்விதி ஓர் அடிப்படையாக அமைந்தது.

வாழ்க்கை

செவ்ரல் பிரான்சின் ஆஞ்சர் நகரில் மருத்துவர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். 1803 ஆம் ஆண்டு பாரிசுக்குச் சென்று, வேதியியலாளர் வோக்லெனின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றினார். சவர்க்காரத்தை ஆராயத் தொடங்கிய இவர், கொழுப்பு என்பது கொழுப்பு அமிலங்களும் கிளிசரினும் இணைந்த சேர்மம் என்று நிறுவினார். இவ்வாய்வுகள் 1823 இல் நூலாக வெளிவந்தன. 1826 இல் பிரான்சிய அறிவியல் கழகத்தின் உறுப்பினரானார். 1857 இல் இலண்டன் அரச கழகத்தின் கோப்ளி பதக்கத்தைப் பெற்றார்.

கோபலென் நெசவுக்கூடம்

1824 ஆம் ஆண்டு, பாரிசிலிருந்த கோபலென் அரச நெசவுக்கூடத்தின் சாயப் பிரிவுக்கு இவர் இயக்குநராக நியமிக்கப்பட்டார். சித்திரத் திரைச்சீலைகளுக்குப் புகழ்பெற்ற அக்கூடத்தின் சாயங்களைப் பற்றி அப்போது பல முறையீடுகள் எழுந்திருந்தன. சில வெளிர் நிறங்கள் நிலைத்து நிற்கவில்லை என்ற குறை உண்மையானதே எனச் செவ்ரல் கண்டார். ஆனால் நீலம், ஊதா ஆகியவற்றின் நிழற்பகுதிகளில் நெய்யப்படும் கறுப்பு வலுவின்றி இருக்கிறது என்ற குறைக்கு வேதியியலில் விடை கிடைக்கவில்லை. அந்தக் கறுப்பு நூலைப் பிற பட்டறைகளின் நூலுடன் ஒப்பிட்டபோது அது எவ்வகையிலும் தாழ்ந்ததாக இல்லை. குறை சாயத்தில் இல்லை, அதன் அருகிலிருந்த நிறத்திலேயே இருந்தது என்ற முடிவுக்கு அவர் வந்தார்.

துணி வணிகர்களின் முறையீடு ஒன்றையும் இதே முறையில் அவர் தீர்த்துவைத்தார். சிவப்பு, ஊதா, நீலத் துணிகளில் அச்சிட்ட கறுப்பு வடிவங்கள் கறுப்பாக இல்லை என்று அச்சிட்டவர் மீது குறை கூறப்பட்டது. வடிவங்களைச் சுற்றியிருந்த நிறப்பரப்பைச் செவ்ரல் வெள்ளைத்தாளால் மறைத்துக் காட்டியபோது, அவை கறுப்பாகவே தெரிந்தன.

உடனிகழ் நிறமுரண் விதி

1828 இல் தமது முடிவுகளை அறிவியல் கழகத்தில் அறிவித்த செவ்ரல், 1839 இல் அவற்றை விரிவான நூலாக வெளியிட்டார். இரு நிறங்களை ஒருங்கே பார்க்கும்போது, அவை இயன்ற அளவு வேறுபட்டவையாகத் தோன்றும் என்பதே இவ்விதியின் சாரம். வெளிர் சாம்பல் பட்டையும் அடர் சாம்பல் பட்டையும் ஒட்டியிருந்தால், அவை சேரும் ஓரத்தில் வெளிர் பட்டை மேலும் வெளிறியும் அடர் பட்டை மேலும் அடர்ந்தும் தெரியும். ஒவ்வொரு நிறமும் தன் நிரப்பு நிறத்தின் சாயலை அண்டை நிறத்துக்கு ஏற்றுகிறது. நீலத்தின் அருகிலுள்ள கறுப்பு செம்மஞ்சள் சாயல் பெற்று மங்குவது இதனாலேயே ஆகும். சிவப்பும் பச்சையும் போன்ற நிரப்பு நிறங்கள் பரந்த பரப்புகளாக அருகருகே அமைந்தால் ஒன்றையொன்று பொலிவுறச் செய்யும். அதே நிற நூல்கள் நுண்ணிதாகக் கலந்து நெய்யப்பட்டால், தொலைவிலிருந்து சாம்பல் போல மங்கித் தெரியும்.

நிறங்களை ஒழுங்குபடுத்த, 72 நிறங்கள் கொண்ட நிறச் சக்கரம் ஒன்றையும் இவர் அமைத்தார். ஒவ்வொரு நிறமும் வெண்மையிலிருந்து கருமை வரை 20 படிகளாகப் பிரிக்கப்பட்டது. நிற இசைவை ஒத்த நிறங்களின் இசைவு, முரண் நிறங்களின் இசைவு என இரண்டாக வகுத்தார்.

தாக்கமும் வரம்பும்

இவரது நூல் 1854 இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. சியார்ச் சூரா, பால் சின்யாக் முதலிய ஓவியர்கள் தூய நிறங்களைச் சிறு புள்ளிகளாக அருகருகே இடும் முறையை உருவாக்கியபோது, இவ்விதியை ஆழ்ந்து கற்றனர்.

சிவப்பு, மஞ்சள், நீலம் ஆகியவற்றை முதன்மை நிறங்களாகக் கொண்டே செவ்ரல் தமது சக்கரத்தை அமைத்தார். ஒளிகள் கலக்கும் முறை சாயங்கள் கலக்கும் முறையிலிருந்து வேறுபட்டது என்பதை எல்மோல்ட்சு 1850களில் விளக்கினார். எனவே செவ்ரலின் நிரப்பு நிற இணைகள் கணினித் திரைக்கு அப்படியே பொருந்துவதில்லை. எனினும், ஒரு நிறத்தைத் தனியே பார்த்துத் தேர்ந்தெடுக்காமல் அது அமையவிருக்கும் பின்னணியில் வைத்தே சோதிக்க வேண்டும் என்பது வடிவமைப்பில் இன்றும் பின்பற்றப்படும் நெறியாகும்.

இறுதிக்காலம்

1886 இல் இவரது நூறாவது பிறந்தநாள் பிரான்சில் பெருவிழாவாகக் கொண்டாடப்பட்டது. 102 ஆம் அகவையில் பாரிசில் காலமானார். அதே ஆண்டு திறக்கப்பட்ட ஈபெல் கோபுரத்தில் பொறிக்கப்பட்ட 72 அறிஞர்களின் பெயர்களுள் இவரது பெயரும் ஒன்றாகும்.