உணவியல் அறிஞர் மெக்காரிசன்

கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 6,000 அடி உயரத்தில், தேயிலைத் தோட்டங்கள் சூழ அமைந்தது குன்னூர் நகரம். அந்நகரில் சிம்ஸ் பூங்காவிற்கு எதிரே பாஸ்டர் நிலையம் அமைந்துள்ளது. வெறிநாய்க்கடிக்கு மருத்துவம் செய்யும் பொருட்டு 1907ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது அந்நிலையம். அதன் ஓர் அறையில், 1918ஆம் ஆண்டில், நாய்க்கடியோடு எவ்விதத் தொடர்பும் இல்லாத ஆராய்ச்சி ஒன்று தொடங்கிற்று. ஆராய்ச்சிக்குரிய உயிர்கள் புறாக்கள். அவற்றிற்கு இடப்பட்ட உணவு, ஆலையில் நன்கு தீட்டிய வெள்ளரிசி. ஆராய்ந்தவர் ராபர்ட் மெக்காரிசன் என்னும் மருத்துவர்.

மெக்காரிசன் 1878ஆம் ஆண்டு அயர்லாந்து நாட்டில் போர்ட்டடவுன் என்னும் ஊரில் பிறந்தார். பெல்பாஸ்டு நகரில் மருத்துவம் பயின்று, 1900இல் பட்டம் பெற்று, அடுத்த ஆண்டே இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து இந்நாட்டிற்கு வந்தார். இமயத்தின் வடமேற்கு மூலையிலுள்ள சித்ரால், கில்கித் என்னும் மலைப்பகுதிகளில் அவருடைய இளமைப் பணி கழிந்தது. கில்கித்தில் ஓர் ஓடையை அடுத்து, ஒன்றன் கீழ் ஒன்றாகச் சில சிற்றூர்கள் இருந்தன. மேலூரில் சிலருக்கே இருந்த கழுத்துக்கழலை, கீழே செல்லச் செல்லப் பெருகக் கண்டார். தண்ணீரில் கலந்துவரும் அழுக்கே காரணமாகலாம் எனக் கருதி, அதனை வடித்தெடுத்துத் தாமே குடித்துப் பார்த்தார். அயோடின் என்னும் தனிமத்தின் குறைவே கழலைக்கு முதற் காரணம் என்பது பின்னர் உறுதிப்பட்டது. எனினும், நோயின் வேரை அறியத் தம் உடலையே சோதனைப் பொருளாக்கிய துணிவு எளிதில் வாய்ப்பதன்று.

குன்னூருக்கு அவர் வந்தது பெரிபெரி என்னும் நோயை ஆராய்வதற்காக. அந்நாளில் சென்னை மாகாணத்தின் வடபகுதியாகிய வடசர்க்கார் மாவட்டங்களில் அந்நோய் பலரை வருத்தியது. முதலில் கால்கள் மரத்துப்போகும்; பின் பாதம் தொங்கும்; நடை தள்ளாடும். சிலருக்கு உடல் வீங்கி, இதயம் விரிந்து, மூச்சுத்திணறல் உண்டாகி, திடீரென உயிர் பிரியும். ஒரே நோய் ஒருவருக்கு நரம்பையும் மற்றொருவருக்கு இதயத்தையும் தாக்கியது மருத்துவர்களுக்குப் பெரும் புதிராயிருந்தது. கிருமியால் வருவது என்றனர் சிலர். அரிசியில் உள்ள நஞ்சால் வருவது என்றனர் வேறு சிலர். சாவகத் தீவில் ஐக்மன் என்னும் டச்சு மருத்துவர், தீட்டிய அரிசியை உண்ட கோழிகள் கால் முடங்குவதையும், தவிடு தந்தால் அவை தேறுவதையும் 1890களிலேயே கண்டிருந்தார்.

நரம்பு என்பது செய்தி செல்லும் பாதை. மூளையிலிருந்து கட்டளை நரம்பின் வழியே மின் அலையாக ஓடித் தசையை அடைகிறது. பாதை பழுதுற்றால், தசை நலமாயிருப்பினும் அது அசையாது. இதயத்திற்குள்ளும் அத்தகைய பாதை ஒன்று உண்டு. மேலறையில் எழும் துடிப்பு, அதன் வழியே இறங்கிக் கீழறைகளை இயக்குகிறது. அப்பாதையில் துடிப்பு தாமதித்தாலோ நின்றாலோ, கீழறைகள் மெல்லத் தம்போக்கில் துடிக்கத் தொடங்கும். இதனையே மருத்துவ நூல்கள் இதயக் கடத்தல் தடை என்று கூறும். மக்கள் வழக்கில் அடைப்பு என்றால் இரத்தக் குழாய் அடைபடுவதையே குறிப்பர். இஃது அதனினும் வேறானது. அரிசி மட்டுமே உண்ட புறாக்களின் இதயத்தில் இத்தடை தோன்றுவதை 1929இல் இங்கிலாந்தில் கார்ட்டர், ட்ரூரி என்னும் இருவர் கண்டு வெளியிட்டனர்.

குன்னூரில் மெக்காரிசன் வளர்த்த புறாக்களும் சில வாரங்களில் நோயுற்றன. கழுத்து பின்னோக்கி வளைந்தது, கால் நிலைகொள்ளவில்லை, சிறகு அடிக்க வலுவில்லை. நரம்போடு அவர் ஆராய்ச்சி நிற்கவில்லை. இறந்த உயிர்களின் குடல், சுரப்பிகள், இதயம் ஆகிய ஒவ்வோர் உறுப்பையும் அறுத்து நோக்கினார். உணவுக்குறை ஓர் உறுப்பை மட்டுமன்றி உடல் முழுவதையும் சிதைக்கிறது என்று கண்டு, 1921இல் அதனை ஒரு பெருநூலாக வெளியிட்டார்.

இத்துணைப் பயன் தந்த ஆராய்ச்சியை 1923இல் அரசாங்கம் சிக்கனத்தின் பேரால் நிறுத்திவிட்டது! நோயால் இழக்கும் உழைப்பின் விலையை எவரும் கணக்கிட்டிலர் போலும். இரண்டாண்டுகள் கழிந்த பின்னரே பணி மீண்டும் தொடங்கிற்று.

இதற்கிடையே அவரும் நாரிஸ் என்னும் வேதியியல் அறிஞரும் அரிசிக்கும் பெரிபெரிக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்து 1924இல் வெளியிட்டனர். நெல்லை உமியோடு ஊறவைத்து அவிக்கும்போது, தவிட்டிலுள்ள உயிர்ச்சத்து அரிசியின் உள்ளே ஊடுருவுகிறது. ஆகவே, பின்னர் ஆலையில் தீட்டினும் அதில் பெரும்பகுதி எஞ்சுகிறது. புழுங்கலரிசி உண்போரிடையே பெரிபெரி அரிதாயிருந்ததற்குக் காரணம் இதுவே. தமிழ்நாட்டில் நெல் அவித்த பெண்கள் அறிவியல் கல்லாதவர். ஆயினும் அவர்கள் ஏற்றிய அடுப்பு எண்ணற்ற உயிர்களைக் காத்தது. அவ்வுயிர்ச்சத்தாகிய தயமினை 1926இல் சாவகத்தில் யான்சன், டொனாத் என்போர் பிரித்தெடுத்தனர். அதனை 1936இல் ஆய்வுக்கூடத்தில் ஆக்கிக்காட்டிய வில்லியம்ஸ் என்னும் அமெரிக்கர், நெல்லூரில் பிறந்தவர். நரம்பும் இதயமும் சர்க்கரையை எரித்து ஆற்றல் பெறத் தயமின் இன்றியமையாதது.

மெக்காரிசனின் பெயரை உலகெங்கும் பரப்பியது அவர் எலிகளைக் கொண்டு செய்த சோதனையாகும். இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவுகளை அவ்வாறே சமைத்து, எலிக் கூட்டங்களுக்குத் தனித்தனியே அளித்தார். கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, பச்சைக் காய்கறி, சிறிது இறைச்சி ஆகிய சீக்கியர் உணவை உண்ட எலிகள் கொழுகொழுவென வளர்ந்தன. அத்தகைய நல்லுணவில் வளர்ந்த 1,000க்கு மேற்பட்ட எலிகளிடையே இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக நோயே தோன்றவில்லை. தீட்டிய அரிசியை மிகுதியாகவும் பாலையும் காய்கறியையும் குறைவாகவும் கொண்ட சென்னை உணவை உண்டவை மெலிந்து, வரிசையின் கடைசியில் நின்றன. இம்முடிவு தென்னாட்டாருக்கு இனிமையாயிருந்திராது. எனினும் அவர் பழித்தது அரிசியை அன்று. அரிசியன்றி வேறொன்றும் வாங்க இயலாத வறுமையையும், தவிட்டை வீணாக்கிய ஆலையையுமே. வெள்ளை ரொட்டி, செயற்கை வெண்ணெய், சர்க்கரையிட்ட தேநீர் ஆகிய ஏழை ஆங்கிலேயர் உணவை உண்ட எலிகளும் நலிந்தன. அவை ஒன்றையொன்று கடித்தும் குதறின. தம் நாட்டவர் உணவென்று அவர் அதற்குச் சலுகை காட்டவில்லை.

மாணவரும் பொதுமக்களும் படித்தறியும் வண்ணம் உணவைப் பற்றி ஒரு சிறு நூலையும் 1928இல் எழுதினார். அதே ஆண்டில் அவருடைய ஆய்வுக்கூடம் உணவு ஆராய்ச்சி நிலையமாக உயர்ந்தது. அவரே அதன் முதல் இயக்குநர். 1933இல் சர் பட்டம் பெற்றார். 1935இல் ஓய்வு பெற்று, அய்க்ராய்டு என்பவரிடம் பொறுப்பை ஒப்படைத்து இங்கிலாந்து சென்றார்.

ஓரறையில் தொடங்கிய அந்நிலையம் 1958இல் குன்னூரிலிருந்து ஐதராபாத்திற்கு மாற்றப்பட்டது. 1969இல் தேசிய ஊட்டச்சத்து நிலையம் என்னும் பெயர் பெற்றது. அதற்கு முன்பே, 1960ஆம் ஆண்டு மே மாதம் 18ஆம் நாள், ஆக்ஸ்போர்டு நகரில் மெக்காரிசன் காலமானார். அப்போது அவருக்கு வயது 82.