ஊட்டி மண் ஏன் சிவப்பு? மெட்ராஸிலிருந்து கிளம்பிய ஒரு டாக்டரின் கதை

1800-ம் ஆண்டு ஏப்ரல் 23. மெட்ராஸிலிருந்து காஞ்சிபுரம் வழியாக மைசூரை நோக்கிக் கிளம்பினார் பிரான்சிஸ் புக்கானன். ஸ்காட்லாந்துக்காரர், வயது 38, எடின்பரோவில் மருத்துவம் படித்தவர். ஆனால் அவர் போனது வைத்தியம் பார்க்க இல்லை. அதற்கு முந்தைய ஆண்டுதான் திப்பு சுல்தான் வீழ்ந்திருந்தார். புதிதாகக் கைக்கு வந்த பகுதிகளில் என்ன விளைகிறது, என்ன நெய்கிறார்கள், எதில் காசு வரும் என்று பார்த்து எழுத கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி அனுப்பிய ஆள் அவர்.

அந்த ஆண்டு கடைசியில் மலபார் போய்ச் சேர்ந்தார். இன்றைய மலப்புரம் மாவட்டத்தில் இருக்கும் அங்காடிப்புரத்தில் ஒரு விநோதமான மண்ணைப் பார்த்தார். பூமிக்குள் இருக்கும்வரை இரும்புக் கருவியால் சுலபமாக வெட்டலாம். வெட்டி வெளியே வைத்தால் காற்றுபட்டு செங்கல் மாதிரி இறுகிவிடும். அதை வைத்தே வீடு கட்டினார்கள். 1807-ல் லண்டனில் வெளியான தன் பயண நூலில் அதற்கு 'லேட்டரைட்' என்று பெயர் வைத்தார். லத்தீனில் 'லேட்டர்' என்றால் செங்கல். நம்ம பாடப் புத்தகங்களில் வரும் சரளை மண் இதுதான்.

இதில் ஒரு விஷயம் உண்டு. உள்ளூர் மக்கள் ஏற்கெனவே அதை 'இட்டிகைக் கல்', அதாவது செங்கல் கல் என்றுதான் சொல்லிவந்தார்கள். புக்கானனே அதைப் பதிவு செய்திருக்கிறார். அப்படிப் பார்த்தால் அவர் செய்தது மொழிபெயர்ப்பு. கிரெடிட்டில் பாதி கல் வெட்டியவர்களுக்குப் போகணும்.

அது எப்படி உருவாகிறது என்ற கெமிஸ்ட்ரி பின்னால்தான் தெளிவானது. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் இருக்கும் கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. அது பாறைக்குள் இறங்கும்போது கால்சியம், மெக்னீசியம், பொட்டாசியம் எல்லாம் கரைந்து ஓடிவிடும். சிலிக்காவும் மெல்ல மெல்லப் போகும். சுலபத்தில் கரையாத இரும்பும் அலுமினியமும் மட்டும் மிஞ்சும். அந்த இரும்பு துருப்பிடித்த நிறம்தான் மலை மண்ணின் சிவப்பு.

பரங்கிமலை, பல்லாவரத்தில் இருக்கும் சார்னோக்கைட் பாறைதான் நீலகிரியிலும் பெரும்பகுதி. ஆனால் பல்லாவரத்தில் பாறை மேலேயே தெரிகிறது. நீலகிரியின் பல சரிவுகளில் பாறையைத் தொட பல மீட்டர் மண்ணைத் தோண்டணும். நீண்ட கால மழை செய்த வேலை அது.

பார்க்கப் பசுமையாக இருந்தாலும் அது சத்து கழுவப்பட்ட, அமிலத்தன்மை உள்ள மண். பாஸ்பரஸ் உரம் போட்டால்கூட இரும்பும் அலுமினியமும் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பயிருக்குக் கொஞ்சம்தான் கிடைக்கும். தேயிலைக்கு மட்டும் அந்த அமிலம் பிடிக்கும். தி.நகர் கடையில் குடிக்கும் நீலகிரி டீயின் பூர்வீகம் அங்கேதான்.

இன்னொரு பக்கமும் இருக்கு. செங்குத்தான சரிவில் பாறை மேல் உட்கார்ந்திருக்கும் இந்தத் தடித்த மண், அடைமழையில் நீரை உறிஞ்சிக் கனத்தால் மொத்தமாக வழுக்கும். 2024 ஜூலை 30 அதிகாலையில் வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலையில் 200-க்கும் மேற்பட்டவர்களைப் பலிகொண்ட நிலச்சரிவில் இதற்கும் பங்கு உண்டு.

புக்கானன் அதற்குப் பிறகு நேபாளம் போனார், வங்காளத்தில் பல ஆண்டுகள் சர்வே செய்தார், கல்கத்தா தாவரவியல் பூங்காவைக் கவனித்தார். 1815-ல் ஊர் திரும்பும்போது அவர் வரையவைத்த படங்களை கவர்னர் ஜெனரல் ஹேஸ்டிங்ஸ் எடுத்துக்கொண்டார். அத்தனை வருட உழைப்பு! ஆனாலும் 1822-ல் கங்கை மீன்கள் பற்றிய நூலை வெளியிட்டார். இன்று உலகமெங்கும் ஆய்வகங்களில் வளர்க்கும் ஜீப்ரா மீனுக்கு அறிவியல் பெயர் கிடைத்தது அதில்தான். அம்மா வழிப் பெயரான ஹாமில்டனையும் சேர்த்துக்கொண்டு, 1829-ல் ஸ்காட்லாந்தில் இறந்தார்.

அங்காடிப்புரத்தில் இப்போது அவர் நினைவாக ஒரு சின்னம் நிற்கிறது. கட்டியது லேட்டரைட் கல்லால்தான்.