தொரப்பள்ளிச் சிறுவனும் மூன்று மணிப் பள்ளிக்கூடமும்

மத்திகிரியில் கும்பினியார் காலத்தில் பட்டாளத்துக் குதிரைகளுக்கென ஏற்பட்ட பண்ணை பிற்காலத்தில் கால்நடைப் பண்ணையாக மாறிற்று. அதைச் சூழ்ந்த பிரதேசமோ இன்று தொழிற்சாலைகளின் பிரதேசம். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே வீதியில் கேட்கும் இவ்வெல்லைப் புறத்தில், ஒருவன் தொழிற்சாலை வாயிலில் காவல் நிற்பதா, உள்ளே சென்று இயந்திரத்தை இயக்குவதா, அல்லது அவ்வியந்திரத்தின் அமைப்பையே வரைவதா என்பதைப் பெரும்பாலும் எது நிர்ணயிக்கின்றது? ஐந்து வயதில் அவன் நுழைந்த பள்ளிக்கூடமும், அங்கு அவனுக்கு வாய்த்த உபாத்தியாயருமே என்போம். இவ்விஷயம் எழும்போதெல்லாம், இவ்வோசூர் தாலூகாவிலேயே பிறந்து, கல்வியால் உயர்ந்து, கல்வி விஷயத்திலேயே பதவி இழந்த ஒரு பெரியாரின் சரித்திரம் நம் மனக்கண்முன் வந்து நிற்கிறது.

சக்கரவர்த்தி ராஜகோபாலாச்சாரியார் 1878-ம் வருஷம் டிசம்பர் 10-ந் தேதி தொரப்பள்ளிக் கிராமத்தில் பிறந்தார். அக்காலத்தில் அது சேலம் ஜில்லாவைச் சேர்ந்தது. தகப்பனார் வெங்கடார்ய ஐயங்கார் கிராம முன்சீப், தாயார் சிங்காரம்மாள். குழந்தை மெலிந்த தேகம் உடையது. பிழைக்குமோ பிழைக்காதோ என்று பெற்றோர் ஏங்கினர். முதலில் கிராமப் பள்ளியில் அட்சராப்பியாசம் நடந்தது. சிறுவனுக்கு ஐந்து வயதானபோது குடும்பம் ஓசூருக்குப் பெயர்ந்தது. பையன் அவ்வூர் சர்க்கார் பள்ளியில் சேர்க்கப்பட்டான். தொரப்பள்ளிக்கும் ஓசூருக்கும் இடைப்பட்ட தூரம் சில மைல்களே. எனினும் அச்சில மைல்களைக் கடக்க அவன் வயதொத்த எத்தனை குடியானவப் பிள்ளைகளால் இயன்றது? முன்சீப்பின் மகனால் இயன்றது. இதை மறவாது மேலே செல்வோம்.

பதின்மூன்று வயதளவில் மெட்ரிகுலேஷன் தேறிய அவர், பெங்களூர் மத்திய கலாசாலையில் சேர்ந்தார். அங்கே ஜான் குத்ரி டெய்ட் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் ஆங்கிலப் பேராசிரியராக இருந்தார். வெள்ளைக்கார ஆசிரியர் என்றதும் நம் தேசியவாதிகள் முகஞ்சுளிப்பது உண்டு. ஆனால் உண்மையை உண்மையாகவே கூறவேண்டும். இலக்கியத்தை மனனம் செய்து பரீட்சைத் தாளில் கக்கும் சரக்காகக் கருதாது, சுவைத்துச் சிந்திப்பதற்குரிய பொருளாக மாணவனுக்குக் காட்டவல்ல ஆசிரியர் அவர். எல்லைப்புறக் கிராமத்திலிருந்து வந்த கூச்சமுள்ள மாணவர் அவரிடமிருந்து பெற்றதை ஆயுள் முழுதும் நன்றியுடன் போற்றினார். பின்னாளில் பிரிட்டிஷ் ராஜப்பிரதிநிதிகளும் அயரும்படி தெளிந்த, சுருங்கிய, கூரிய ஆங்கிலம் எழுதிய கை அந்த வகுப்பில் பழகிய கையே. அன்னிய ஆட்சி தன்னை எதிர்க்கும் வல்லமையையும் தன் கலாசாலையிலேயே விளைவித்துக்கொண்டது விந்தைதான்!

பிறகு சென்னையில் சட்டப் படிப்பு. 1900-ல் சேலத்தில் வக்கீல் தொழில். தொழில் மிகச் செழித்தது. 1917-ல் சேலம் நகரசபைத் தலைவரானார். இவற்றைக் காட்டிலும் நாம் நின்று நோக்கவேண்டியது வேறொன்று. 1916-ம் வருஷத்தில், கை நிறையச் சம்பாதித்துக் கொண்டிருந்த இவ்வக்கீல், வெங்கடசுப்பையருடன் சேர்ந்து தமிழில் சாஸ்திரப் பதங்களை அமைக்க ஒரு சங்கம் நிறுவினார். அதற்கெனப் பத்திரிகையும் நடத்தினார். ரசாயனமும் பௌதிகமும் ஆங்கிலத்திலன்றி வாரா என்று பண்டிதரும் பட்டதாரியும் ஒருங்கே நம்பிய காலம் அது. பின்னர் திண்ணை ரசாயனம் என்று ஒரு நூலும் எழுதினார். பெயரே அவர் கருத்தைப் புலப்படுத்தும். கலாசாலை வாயிலை மிதியாதவனுக்கும் அவன் வீட்டுத் திண்ணையிலேயே சாஸ்திரத்தை விளங்க வைக்கலாம் என்பது அவர் துணிபு. நல்லாசிரியரிடம் பயின்றவர் தாமும் ஆசிரியராகாமல் இருக்க முடிவதில்லை போலும்.

காந்தியடிகளின் அழைப்பை ஏற்று வக்கீல் தொழிலைத் துறந்ததும், வேலூர்ச் சிறையும், 1930-ல் வேதாரணிய உப்பு யாத்திரையும் நம் வாசகர் அறிந்தவை; விரிக்க வேண்டுவதில்லை. 1925-ல் திருச்செங்கோட்டருகே அவர் அமைத்த காந்தி ஆசிரமத்தில் தீண்டப்படாதார் என ஒதுக்கப்பட்டவரும் மற்றவரும் ஒன்றாக வாழ்ந்தனர். 1937-ல் முதல் மந்திரியாகி மதுவிலக்கைச் சேலம் ஜில்லாவிலேயே தொடங்கினார். அடுத்த ஆண்டு பள்ளிகளில் ஹிந்தியைக் கட்டாயமாக்கினார். கிளர்ச்சி மூண்டது. தாளமுத்துவும் நடராஜனும் காவலில் இருந்தபோதே 1939-ல் உயிர் நீத்தனர். அவர் பதவி விலகியபின் 1940-ல் அவ்வுத்தரவை கவர்னர் நீக்கினார். தாம் நன்மையெனக் கண்டதை ஜனங்கள் கேளாமலே அவர்களுக்கு ஊட்டிவிடத் துணியும் குணம் அப்போதே வெளிப்பட்டது.

சுதந்திர பாரதத்தின் கவர்னர் ஜெனரலாக 1948 முதல் 1950 வரை வீற்றிருந்தவர், 1952-ல் மீண்டும் சென்னையின் முதல் மந்திரியானார். அச்சமயம் கிராமாந்தரங்களின் நிலை யாது? 1951-ம் வருஷத்து ஜனக்கணக்கின்படி இந்நாட்டில் எழுத்தறிந்தோர் ஏறக்குறைய ஐந்தில் ஒருவரே. பத்தாண்டுகளுக்குள் பதினான்கு வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி அளிக்க முயலவேண்டுமென அரசியல் சட்டத்தின் 45-வது விதி கூறிற்று. பொக்கிஷத்திலோ பணமில்லை, பள்ளிக் கட்டிடங்கள் இல்லை, உபாத்தியாயர்கள் போதவில்லை. இச்சிக்கலுக்கு ராஜாஜி கண்ட வழி 1953-ம் வருஷத்து ஆரம்பக் கல்வித் திட்டம். கிராமப் பள்ளிகளில் நாளொன்றுக்கு ஐந்து மணி நேரமாக இருந்த படிப்பு மூன்று மணியாகக் குறையும். ஒரு கூட்டம் காலையில் வரும், மற்றொரு கூட்டம் பிற்பகலில் வரும். அதே கட்டிடம், அதே உபாத்தியாயர், இருமடங்கு பிள்ளைகள்! மிகுந்த நேரத்தில் பிள்ளை தகப்பனுடன் சென்று அவன் தொழிலைப் பழகவேண்டும்.

கணக்கு அழகிய கணக்குத்தான். கைத்தொழிலின்பால் காந்தியடிகளுக்கிருந்த மதிப்பும் இதில் உண்டு. திட்டத்தை வகுத்தவர் ஏழைப் பிள்ளைகளுக்குத் தீங்கு நினைத்தார் என்று நாம் கூறமாட்டோம். ஆயினும் தகப்பன் தொழில் என்ற சொல் இத்தேசத்தில் எப்பொருளைத் தரும் என்பதை, எத்தனையோ சாஸ்திரப் பதங்களைத் தேடித்தேடி அமைத்தவர் எவ்வாறு கவனியாது விட்டார்? செருப்புத் தைப்பவன் மகன் பிற்பகலில் எதைப் பழகுவான்? தோட்டியின் மகன் எதைப் பழகுவான்? நகரப் பிள்ளைகளுக்கு இத்திட்டம் இல்லை என்பதும் குற்றத்தைப் பெருக்கிற்று. பெரியாரும் திராவிட முன்னேற்றக் கழகத்தாரும் குலக்கல்வி என்று பெயரிட்டு எதிர்த்தனர்; பெயர் ஒட்டிக்கொண்டது. காலையில் மூன்று மணி கற்பித்துக் களைத்த உபாத்தியாயர் பிற்பகலில் வேறொரு கூட்டத்துக்கு என்ன ஊக்கத்துடன் கற்பிப்பார் என்னும் கேள்வி அந்த அமளியில் அமுங்கிவிட்டது. நமக்கோ அதுவே முதற் கேள்வியாகப் படுகிறது. டெய்ட் போன்ற ஓர் ஆசிரியரின் வகுப்பறையிலிருந்து வந்தவர், கிராம ஆசிரியரை ஷிப்டு முறையில் ஓடும் யந்திரமாகக் கணக்கிட்டாரே என்பதுதான் நம் வருத்தம்.

சட்டசபையைக் கலந்துகொள்ளாமலே திட்டம் அமுலுக்கு வந்தது. வக்கீலாகிய நாம் இதை லேசான பிழையெனத் தள்ள இயலாது. 1953 ஜூலை 29-ந் தேதி சபையில் திட்டத்தைக் கைவிடக் கோரிய தீர்மானத்துக்கு இருபுறமும் 138 வாக்குகள் விழ, சபாநாயகரின் வாக்கால் மந்திரிசபை தப்பியது. நிறுத்திவைத்து ஆராயவேண்டும் என்ற தீர்மானமோ 139-க்கு 137 என்று நிறைவேறிவிட்டது. ஆராய அமைந்த பருலேகர் குழு திட்டத்தின் அடிப்படையை ஒப்புக்கொண்டது. ஆனால் கட்சிக்குள் அதற்கு ஆதரவு தேய்ந்துவிட்டது. 1954-ல் ராஜாஜி விலகினார். ஏப்ரல் 13-ந் தேதி காமராஜர் பதவியேற்றார். அவர் சிறுவயதிலேயே பள்ளியை விட்டு நிற்க நேர்ந்தவர். பள்ளி எட்டாக்கனியானவனின் ஏக்கம் அவருக்கு அனுபவத்தால் தெரியும். மே மாதத்தில், ராஜாஜியின் மந்திரிசபையிலும் இருந்த சி. சுப்பிரமணியம் திட்டம் கைவிடப்பட்டதை அறிவித்தார். இரண்டாண்டுகளில் மதிய உணவு வந்தது. பிள்ளைகள் பிற்பகலிலும் பள்ளியிலேயே தங்கினர்.

ராஜாஜி தம் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. இராமாயணத்தையும் பாரதத்தையும் எளிய தமிழில் எழுதி லட்சக்கணக்கானோரைப் படிக்கச் செய்தார். 1959-ல் சுதந்திராக் கட்சியைக் கண்டார். 1972 டிசம்பர் 25-ந் தேதி, தொண்ணூற்று நான்கு வயது நிறைந்தபின் மறைந்தார். அவர் பிறந்த தொரப்பள்ளி வீட்டை சர்க்கார் நினைவு இல்லமாக்கியிருக்கின்றனர். அவர் சிறுவனாகப் பயின்ற ஓசூர்ப் பள்ளி இன்றும் சர்க்கார் பள்ளியாகவே நடக்கிறது. முன்சீப்பின் மகனுக்கு அன்று திறந்திருந்த அப்பள்ளியில் இப்போது கூலிக்காரர் மக்களும் நாள் முழுதும் அமர்ந்து படிக்கின்றனர்.