மாணவன் பெயர் புட்டியில், ஆசான் பெயர் எங்கே?

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் அடிமையாய் வாழ்ந்தவர் நேதன் 'நியரெஸ்ட்' கிரீன். லிஞ்ச்பர்க் ஊருக்கு அருகே, டேன் கால் என்ற போதகரின் வடிசாலையில் விஸ்கி வடிப்பதில் கைதேர்ந்தவராக விளங்கினார். அங்கு வேலைக்கு வந்த சிறுவன் ஜாக் டேனியலுக்கு அத்தொழிலைக் கற்பித்தவரும் இவரே. வடித்த மதுவை மேப்பிள் மரக் கரியில் சொட்டுச் சொட்டாக இறக்கிச் சுத்தப்படுத்துவதே டென்னசி விஸ்கியின் தனித்தன்மை.

1865-இல் அடிமைமுறை ஒழிந்தது. பின்னர் ஜாக் தொடங்கிய வடிசாலையில் கிரீன் தலைமை வடிப்பாளரானார். அவர் பிள்ளைகளும் அங்கேயே உழைத்தனர். மாணவனின் பெயர் புட்டியில் ஏறி உலகைச் சுற்றியது. ஆசானைப் பற்றியோ, 150-ஆம் ஆண்டைக் கொண்டாடிய 2016-இல்தான் நிறுவனம் வெளியுலகிடம் பேசத் தொடங்கியது.

கிரீனின் புகைப்படம் ஒன்றுகூட இன்றுவரை கிட்டவில்லை. முகம் கிட்டாத அந்த மனிதருக்கு நாம் திருப்பித் தரக்கூடியது அவர் பெயரை மட்டுமே.