ஒரு நல்ல தந்தை எழுதிவைத்த சாசனம்

இம்மலரின் முன்பக்கங்களில் நம் பங்கு வளர்ந்த வரலாறும், இங்கே ஊழியம் செய்த குருக்களின் நிழற்படங்களும் இடம்பெற்றிருக்கின்றன. அவற்றோடு ஒரு புனிதரின் வாழ்க்கையையும் சேர்க்க வேண்டும் என்று மலர்க்குழுவில் பேசியபோது, பதுவை அந்தோனியாரையா, சவேரியாரையா என்று பேச்சு எழுந்தது. நாம் வேறொருவரைத் தேர்ந்துகொண்டோம். அவர் அண்டை மாநிலமான கேரளத்தவர், தமிழும் அறிந்தவர், பிள்ளைகுட்டி இல்லாத துறவியாயிருந்தும் பிள்ளை வளர்ப்பைப் பற்றி வீடுகள்தோறும் வாசிக்கும்படி ஒரு சாசனம் எழுதிவைத்தவர். புனித குரியாக்கோஸ் எலியாஸ் சாவரா என்பது அவர் திருப்பெயர்.

வயலும் காயலும் கலந்து கிடக்கும் குட்டநாட்டில், கைநகரி என்னும் ஊரில் 1805-ஆம் ஆண்டு பிப்ரவரி 10-ஆம் நாள் அவர் பிறந்தார். தாயார் மரியம், கைக்குழந்தையை வெச்சூர் மாதா கோவிலுக்கு எடுத்துச் சென்று தேவ அன்னைக்குக் காணிக்கையாக்கினார். பேச்சு வரத் தொடங்கிய நாளிலேயே இயேசு, மரி, சூசை என்னும் மூன்று திருநாமங்களையும் மழலை வாயில் பழக்கினார். நள்ளிரவில் எழுந்து முழந்தாளிட்டுச் செபிப்பது அந்த அம்மையாரின் வழக்கம். பிள்ளையும் விழித்துக்கொண்டு தாயின் அருகில் முழந்தாளிடும். கால் தளர்ந்தால் அவர்மேல் சாய்ந்துகொள்ளும். பிற்காலத்தில் சாவரா அடிகள் பாடிய ‘ஆத்மானுதாபம்’ என்னும் மலையாளக் காவியத்தில் அந்தத் தாயின் மடியை நினைத்து உருகியிருக்கிறார். நூல் கற்ற அறிஞர், பல மொழி தெரிந்தவர், துறவற சபையின் தலைவர். அவருக்கு முதற் பள்ளிக்கூடம் அந்த மடிதான்.

1818-இல், பதின்மூன்று வயதில், பள்ளிப்புறம் குருமடத்தில் பாலய்க்கல் தோமா மல்பானிடம் சேர்ந்தார். அங்கே படித்துக்கொண்டிருக்கையில் பேரிடி விழுந்தது. ஊரில் பரவிய கொள்ளைநோயில் தந்தை, தாய், ஒரே அண்ணன் மூவரும் இறந்தனர். அண்ணனுக்கு ஒரு பெண்குழந்தை மட்டுமே மிஞ்சியது. குடும்பம் அற்றுப்போகக் கூடாது, குருமடத்தை விட்டு வந்துவிடு என்று உறவினர் வற்புறுத்தினார்கள். வீட்டுப் பொறுப்பைச் சகோதரியின் குடும்பத்திடம் ஒப்படைத்துவிட்டு அவர் திரும்பவும் குருமடத்துக்கே போனார். இந்த இடத்தை நாம் சற்று நின்று பார்க்க வேண்டும். தம் சொந்த வீட்டில் மாலை விளக்கின்முன் அமர்ந்து செபிக்க ஆளில்லாமற் போனவரே, பின்னாளில் பிறர் வீட்டு மாலைச் செபத்துக்காக அவ்வளவு கவலைப்பட்டார்.

அவருடைய பெரும்பணிகளை விரித்தால் மலர் போதாது. 1829-இல் அர்த்துங்கலில் குருப்பட்டம் பெற்றார். 1831-இல் பாலய்க்கல், போரூக்கரை ஆகிய இரு தோமா மல்பான்மாரோடு சேர்ந்து மான்னானத்தில் முதல் துறவற இல்லத்திற்கு அடிக்கல் இட்டார். 1846-இல் அங்கே சமஸ்கிருதப் பள்ளியும் அச்சுக்கூடமும் தோன்றின. அச்சு இயந்திரம் எப்படியிருக்கும் என்று கேட்டறிந்து, வாழைத்தண்டில் மாதிரி செய்து காட்டித் தச்சரைக்கொண்டு மரத்தில் அமைத்தார் என்பார்கள். மறைமாநில முதன்மைக் குருவாக இருந்தபோது கோவில்தோறும் பள்ளிக்கூடம் வேண்டும் என்று கட்டளையிட்டார். ஏழைப் பிள்ளைகளின் மதிய உணவுக்கு வீடுகளிலிருந்து பிடியரிசி சேர்க்கும் வழக்கமும் அவர் காலத்துப் பணிகளோடு சேர்த்தே பேசப்படுகிறது. 1866-இல் கூனம்மாவில் பெண்களுக்கான துறவற மடத்தையும் தொடங்கினார்.

பள்ளிகளைத் திறந்தவர், பள்ளி எல்லாவற்றையும் செய்துவிடும் என்று நம்பவில்லை. அதனால்தான் 1868 பிப்ரவரி 13 அன்று, அறுபத்து மூன்றாம் வயதில், தாம் பிறந்த கைநகரி மக்களுக்கு ஒரு மடல் எழுதினார். ஒரு நல்ல தந்தையின் ‘சாவருள்’ என்பது அதன் பெயர். சாவை எதிர்நோக்கும் தந்தை பிள்ளைகளுக்கு விட்டுச்செல்லும் வாக்கு என்று நாம் பொருள் கொள்ளலாம். குடும்ப ஒழுங்கு ஒரு பகுதி, பிள்ளை வளர்ப்பு மறுபகுதி.

பிள்ளைகள் பெற்றோருடைய உடைமை அல்லர், ஆண்டவர் காக்கும்படி ஒப்படைத்த செல்வம் என்பதே அதன் ஆணிவேர். பேச்சு வரும்போதே திருநாமங்களைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். திருப்படங்களைக் காட்டிப் பழக்க வேண்டும். பள்ளிக்கு அனுப்பியதோடு நின்றுவிடாமல், என்ன படிக்கிறார்கள், யாரோடு பழகுகிறார்கள் என்று விசாரித்துக்கொண்டிருக்க வேண்டும். மிதமிஞ்சிய கண்டிப்பும் கேடு, மிதமிஞ்சிய செல்லமும் கேடு. மாலையில் குறித்த நேரத்தில் வீட்டார் அனைவரும் செபத்துக்குக் கூட வேண்டும். எவ்வளவு பெரிய விருந்தாளி வந்திருந்தாலும் அதை நிறுத்தலாகாது. (நம் வீடுகளில் விருந்தாளி வந்தால் முதலில் நிற்பது செபமாலைதான்!) வயது வந்த பிள்ளைகள் தங்கள் வாழ்க்கை நிலையைத் தாங்களே தேர்ந்துகொள்ள விடவேண்டும் என்றும் எழுதினார். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் இதை எழுத எவ்வளவு துணிவு வேண்டும்!

கடன் வாங்குவதையும் வழக்குக்குப் போவதையும் அவர் கடுமையாக விலக்குகிறார். செபத்தைப் பற்றிய மடலில் கடன் ஏன் என்று கேட்கலாம். வட்டிக்காரர் வாசலில் நிற்கும் வீட்டில் மாலைச் செபம் எப்படி நடக்கும் என்பது நம்மவருக்குத் தெரியாததல்ல.

இனி நம் ஊர்க்கதைக்கு வருவோம். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை வட்டாரத்தில் ஆவாரம்பட்டையில் தோல் பதனிட்ட காலத்தில் ஆண்களே பெரும்பாலும் டேனரி வேலைக்குப் போனார்கள். 1970-களில் பச்சைத்தோல், அரைப்பதத் தோல் ஏற்றுமதியை அரசு கட்டுப்படுத்திய பிறகு ஷூ கம்பெனிகள் பெருகின. நம் தாய்மாரும் சகோதரிகளும் தையல் எந்திரத்தின்முன் அமர்ந்தார்கள். அந்தச் சம்பளத்தில்தான் பல வீடுகளில் பிள்ளைகள் கல்லூரி வாசல் மிதித்தார்கள். அதை நாம் குறைகூற மாட்டோம். ஆனால் கம்பெனிப் பேருந்து இருட்டிய பிறகு வந்து இறக்கிவிடுகிறது. அடுப்பு மூட்டி, சோறு வடித்து, மறுநாள் சாப்பாட்டுக்குக் காய் நறுக்குவதற்குள் பிள்ளைகள் கைப்பேசியைப் பிடித்தபடியே உறங்கிவிடுகிறார்கள். முன்பு பாட்டிமார் 53 மணிச் செபமாலையைத் தொடங்குவார்கள். மாதா பிரார்த்தனை வருமுன் நாமும் தூங்கிவிழுந்தவர்கள்தாம். ஆயினும் அது பாட்டியின் குரலைக் கேட்டுக்கொண்டே வந்த தூக்கம்.

சாவரா அடிகளின் ஒழுங்கு விவசாயக் குடும்பங்களுக்கானது, ஷிப்டு வேலைக்குப் பொருந்தாது என்று நம்மில் சிலர் சொல்வதுண்டு. ஓரளவு உண்மைதான். வேலைக்காரர்களை நடத்தும் முறை பற்றி அவர் எழுதியவை வேலைக்காரரே இல்லாத நம் வீடுகளுக்கு வேண்டியதில்லை. ஆனால் அந்த மடலிலேயே நமக்கு ஒரு வழியும் இருக்கிறது. அதைப் படியெடுத்து வைத்துக்கொண்டு, மாதத்தின் முதல் சனிக்கிழமையில் ஒன்றாகக் கூடி வாசிக்கும்படி அவர் கேட்டுக்கொண்டார். தம் நினைவுக்கு வேறொன்றும் வேண்டாம், இது போதும் என்பது அவர் எண்ணம்.

நம் பங்கில் சில குடும்பங்கள் ஞாயிறு மாலை ஏழு மணியை அப்படி வைத்துக்கொண்டிருக்கின்றன. அன்று இருவருக்கும் விடுமுறை. கைப்பேசிகள் அலமாரிக்குப் போகும். பிள்ளைகளுள் ஒருவர் நற்செய்தியில் ஒரு பகுதியை வாசிப்பார். அந்த வாரம் யாரிடம் பொய் சொன்னோம், யாருக்கு உதவினோம் என்று பெரியவர்களே முதலில் சொல்லுவார்கள். அப்பா தம் தவற்றைச் சொல்லக் கேட்ட பிள்ளை அடுத்த வாரம் தானாகவே வாய்திறக்கிறது. அன்றாடச் செபத்துக்கு இதை ஈடாக வைத்திருந்தால் சாவரா அடிகள் ஒப்புக்கொண்டிருப்பாரா என்பது சந்தேகமே. ஒன்றுமே இல்லாத வீட்டில் இது தொடக்கம் என்று நாம் எண்ணுகிறோம்.

1986-இல் கோட்டயத்தில் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் அவருக்கு முத்திப்பேறு பட்டம் அளித்தார். 2014 நவம்பர் 23-இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். 1889-இல் கொண்டுவரப்பட்ட அவருடைய திருப்பண்டங்கள் மான்னானத்தில் இருக்கின்றன.

1871-ஆம் ஆண்டு சனவரி 3-ஆம் நாள் கூனம்மாவில் அவர் இறந்தார். கடைசி நாள்களில் படுக்கையைச் சுற்றி நின்று அழுத துறவிகளிடம் அவர் அச்சுக்கூடத்தைப் பற்றியோ பள்ளிகளைப் பற்றியோ பேசவில்லை. திருக்குடும்பத்தை எப்போதும் நினைவில் கொள்ளும்படி சிறு வயதில் தம் பெற்றோர் கற்றுக்கொடுத்தார்கள் என்றும், அதன் துணையால் ஞானஸ்நானத்தில் பெற்ற அருளை ஒருநாளும் இழந்ததில்லை என்றும் சொன்னார். அதைக் கற்றுக்கொடுத்த தாய் கொள்ளைநோயில் இறந்து அப்போது ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.