உழவாரம் பிடித்த கை

நம்ம தோட்டத்துக் கோயில்கள்ல நால்வர் படம் பார்த்திருப்பீங்க. அதில் ஒருத்தர் தோளில் மட்டும் ஒரு கருவி சாய்ந்திருக்கும். தூரத்தில் மண்வெட்டி மாதிரி தெரியும். அது புல் செதுக்குற உழவாரம். அதை வைத்திருப்பவர் அப்பர் சுவாமிகள் என்கிற திருநாவுக்கரசர். ரப்பர் காட்டுல புல் வெட்டிய தாத்தா பாட்டியின் பேரப்பிள்ளைகளான நமக்கு அவர் ரொம்ப நெருக்கமானவர்.

காலம் 7-ஆம் நூற்றாண்டு. ஊர் திருவாமூர். பெற்றோர் வைத்த பெயர் மருள்நீக்கியார். அக்கா திலகவதியாருக்கு நிச்சயம் செய்திருந்த படைத்தலைவர் கலிப்பகையார் போருக்குப் போயிருந்த நேரத்தில், அப்பா புகழனார் நோயில் இறந்தார். அம்மா மாதினியாரும் உடனே உயிரை விட்டார். அடுத்து கலிப்பகையாரும் போரில் மாண்டார். தானும் செத்துவிடலாம் என்று முடிவெடுத்த அக்கா, தம்பி அழுது கேட்டதால் அவருக்காகவே உயிரோடு இருந்தார்.

அந்தத் தம்பி பின்னாளில் சமண சமயத்தில் சேர்ந்து, தருமசேனர் என்ற பெயரோடு அங்கே தலைவராகவும் ஆனார். அக்கா சண்டை போடவில்லை. திருவதிகை வீரட்டானம் கோயிலில் தினமும் விடியும் முன்னே கூட்டிப் பெருக்கி, மெழுகி, தம்பியைத் திருப்பித் தரும்படி சிவபெருமானிடம் கேட்டுக்கொண்டே இருந்தார்.

ஒருநாள் தம்பிக்குக் கடுமையான சூலை நோய் வந்தது. எந்த மருத்துவமும் கேட்கவில்லை. வலி தாங்க முடியாமல் ராத்திரியோடு ராத்திரியா அக்காவைத் தேடி வந்தார். அக்கா திருநீறு கொடுத்துக் கோயிலுக்குக் கூட்டிப் போனார். அங்கே அவர் பாடினார், நோய் நீங்கியது. நாவுக்கரசர் ஆனார்.

கஷ்டம் அதோடு தீரவில்லை. பல்லவ மன்னன் அவரைத் தண்டித்தான். சுண்ணாம்புக் காளவாயில் ஏழு நாள் அடைத்தார்கள். விஷம் கலந்த பால்சோறு கொடுத்தார்கள். யானையை ஏவினார்கள். கடைசியில் கல்லில் கட்டிக் கடலில் போட்டார்கள். கல் தெப்பமாகி, கடலூர் திருப்பாதிரிப்புலியூர் பக்கம் அவர் கரையேறினார் என்கிறது சேக்கிழாரின் பெரியபுராணம். பிறகு அந்த மன்னனே சைவனாக மாறினான்.

பொறியியல் படிக்கிறவன் நான். கல் எப்படி மிதக்கும் என்று நண்பர்கள் கேட்பதுண்டு. நான் பார்ப்பது கல்லை அல்ல, அதில் கட்டப்பட்டவரின் மனசை. கரை சேருவோமா இல்லையா என்று தெரியாத நேரத்திலும் அவர் அரசனுக்குப் பயப்படவில்லை, இறைவனைக் குறை சொல்லவும் இல்லை.

உயிர் பிழைத்தவர் ஓய்வு எடுத்தாரா? இல்லை. உழவாரத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய், கோயில் பிராகாரத்துப் புல்லைச் செதுக்கினார். அக்காவின் துடைப்பம் செய்த வேலையைத் தம்பியின் உழவாரம் தொடர்ந்தது. திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது, அடியார்களுக்குச் சோறு போட அப்பருக்கும் ஞானசம்பந்தருக்கும் இறைவன் தினம் ஒரு பொற்காசு தந்தார். சம்பந்தரின் காசு மாற்றுக் குறைந்தது, அப்பரின் காசு குறையில்லாதது. காரணம், அப்பர் கையால் தொண்டு செய்தவர் என்கிறார் சேக்கிழார். திருப்புகலூரில் மண்ணுக்குள் பொன்னும் மணியும் தெரிந்தபோது, அதையும் புல்லோடு புல்லாக வாரிக் குளத்தில் எறிந்தார். அந்த ஊரிலேயே 81-ஆவது வயதில், சித்திரைச் சதயத்தில் இறைவனடி சேர்ந்தார்.

நீலாய், லாபு பக்கம் ரப்பர் போய் செம்பனை வந்தது, செம்பனை போய் வீடமைப்பு வந்தது. வேலையும் வீடும் போய், சாமியை எங்கே வைப்பது என்று தவித்த குடும்பங்கள் நமக்குத் தெரியும். அந்த நேரத்தில் எல்லாம் விதி என்று உட்கார்ந்துவிடுவது சுலபம். அப்பர் காட்டுவது வேற வழி. முடிவை இறைவனிடம் விடணும், கையில் இருக்கிற வேலையை விடக்கூடாது. படிப்பில் தோற்றாலும், வேலை கிடைக்காமல் அலைந்தாலும் இது பொருந்தும்.

வரும் சித்திரைச் சதயத்துக்கு உங்க கோயில்ல ஒரு கோத்தோங் ரோயோங் வையுங்க. பேச்சாளர் கிடைக்காட்டி பரவாயில்லை, நாலு துடைப்பமும் ஒரு புல் வெட்டும் மெஷினும் போதும். அப்பர் குருபூஜை அதுதான்.

திருச்சிற்றம்பலம்.