இமாம் கஸ்ஸாலி மன்னருக்கு எழுதிய கடிதம்

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) என்றதும் நமக்கு இஹ்யா உலூமித்தீன்தான் நினைவுக்கு வரும். அவர்கள் பாரசீகத்தில் எழுதிய கடிதங்களை நம்மில் பலர் அறிந்திருக்க மாட்டோம். அதில் ஒன்று, அழைத்த மன்னரிடம் வர இயலாது என்று மன்னிப்புக் கோரி எழுதியது.

தூஸ் நகரின் எளிய குடும்பத்துப் பிள்ளை அவர்கள். நைஸாபூரில் இமாமுல் ஹரமைன் ஜுவைனியிடம் ஓதி, 1091-ல் அமைச்சர் நிஜாமுல் முல்க்கின் நியமனத்தில் பக்தாத் நிஜாமிய்யாவின் பேராசிரியரானார்கள். அரண்மனைக் கதவுகள் திறந்தே கிடந்தன. 1095-ல் பாடம் நடத்த நாவே எழவில்லை. எல்லாவற்றையும் விட்டு ஷாம் சென்றார்கள். ஃபலஸ்தீனின் அல்கலீல் ஊரில், நபி இப்ராஹீம் (அலை) அவர்களின் அடக்கத்தலத்தில் மூன்று உறுதி எடுத்தார்கள்: சுல்தானின் அவைக்குப் போவதில்லை, அரசர் பணத்தைத் தொடுவதில்லை, தர்க்க மேடை ஏறுவதில்லை.

ஆண்டுகள் கழித்து, 1106-ல், அரசின் வற்புறுத்தலால் நைஸாபூரில் மீண்டும் பாடம் நடத்தினார்கள். இதை நாம் மறைக்க வேண்டியதில்லை. எதிர்ப்பும் கூடவே வந்தது. இளமையில் எழுதிய அல்மன்கூல் நூலில் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) குறித்து இருந்த கடுஞ்சொற்களைக் காட்டி, குராசானை ஆண்ட சஞ்சரிடம் புகார் போயிற்று. மன்னரோ ஹனஃபி. அழைப்பு வந்தது.

இமாம் தூஸுக்கு அருகே மஷ்ஹத் வரை வந்து நின்றுவிட்டார்கள். அழைப்பை மதித்தே இவ்வளவு தூரம் வந்ததாகவும், 12 ஆண்டுகளாகக் காத்த உறுதியைக் குலைக்க வேண்டாம் என்றும் எழுதினார்கள். தமக்காகக் கேட்டது அவ்வளவே. குளிராலும் வறட்சியாலும் விளைச்சல் அழிந்து, பழைய மரங்களும் பட்டுப்போன தூஸ் மக்களின் துயரத்தையும் மன்னருக்கு எடுத்துச் சொன்னார்கள். பசியால் குடிகளின் கழுத்து தொய்ந்திருக்க, அரண்மனைக் குதிரைகளின் கழுத்தில் பொன் பூட்டியிருப்பதை எழுதவும் தயங்கவில்லை. தம் மீதே புகார் நிலுவையில் இருக்கும்போது இப்படி எழுதியதுதான் நம்மை வியக்க வைக்கிறது.

மன்னர் விடவில்லை, நேரில் வந்தாக வேண்டும் என்றார். இமாம் சென்றார்கள். சஞ்சர் கண்ணியமாக வரவேற்றார். அங்கும் தூஸ் மக்களுக்காகப் பேசினார்கள். இமாம் அபூஹனீஃபாவின் மார்க்க ஞான ஆழத்தைத் தாம் மதிப்பதையும் விளக்கினார்கள். புகார் அத்தோடு அடங்கியது.

பின்னர் பக்தாத் நிஜாமிய்யாவுக்கே மறுபடி அழைப்பு வந்தது. தூஸில் ஓதும் சுமார் 150 மாணவர்களையும், குடும்பத்தையும், பழைய உறுதியையும் காரணம் காட்டி மறுத்தார்கள். 1111 டிசம்பரில் தூஸிலேயே வஃபாத்தானார்கள். இக்கடிதங்களைப் பின்னர் உறவினர் ஒருவர் தொகுத்து வைத்தார்.